சாம்பல் தானாக விழுவதில்லை

மூன்று வருஷங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதும்போது நான் ஒரு வாக்கியம் எழுதினேன். ஜப்பானிய மண்கலத்தின் மேல் சூளைச் சாம்பல் தானாக விழுந்து, தானாக உருகி மெருகாவதைப்போல இக்கவிதைகளில் சொற்கள் விழுந்திருக்கின்றன என்பது அந்த வாக்கியம். எழுதியபோது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இரண்டொரு நண்பர்கள் கடிதங்களில் அதை எடுத்துச் சொல்லவும் செய்தார்கள். அதுவரை நான் ஜப்பானிய மண்கலம் எதையும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. எரிகிற சூளையின் பக்கத்தில் நின்றதுமில்லை. பி.ஏ.வுக்கு ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு வருகிற வியாதி இது. பொருளைப் பார்க்கு முன்பே உவமை கிடைத்துவிடும்.

போன வருஷம் ஒரு மாலை விழுப்புரம் ஜங்ஷனில் அந்தக் கவிஞரைச் சந்தித்தேன். இரண்டாவது தொகுப்பின் கைப்பிரதியை வைத்திருந்தார். ஒரு கவிதையில் ஐந்தாவது வரி தேவைதானா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீங்கதானே சார் எழுதினீங்க, சாம்பல் தானா விழணும்னு. இப்ப நான் எதையும் திருத்தறதே இல்லை.” அவர் கேலி செய்யவில்லை. நம்பிச் சொன்னார். தொகுப்பு வெளிவந்துவிட்டது. நண்பர்கள் படித்திருப்பார்கள். பாதி வெந்தும் வேகாமலும் கிடக்கிற வரிகள் அதில் நிறைய. அதற்கு அவர் மட்டும் பொறுப்பில்லை என்று எனக்குப் படுவதால் இந்தக் கட்டுரை.

*

என் வாக்கியத்தில் நான் கைவைத்தது பிஸென் மண்கலங்களின் மீது. ஜப்பானில் ஒகயாமா பகுதியில் இம்பே என்ற ஊரைச் சுற்றிப் பல நூற்றாண்டுகளாகச் செய்யப்படுபவை. இவற்றுக்கு மெருகுக் கரைசல் எதுவும் பூசுவதில்லை. சூளையில் எரியும் செம்பைன் விறகின் சாம்பல் தீயோடு பறந்து கலங்களின் தோளில் படிந்து, உஷ்ணத்தில் அங்கேயே உருகிக் கண்ணாடியாகிறது. எள் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகப் படிவதை ‘கோமா’ என்கிறார்கள். எள் என்றே அர்த்தம். இதுவரை நான் எழுதியது சரி. ‘தானாக’ என்பதில்தான் பிழை.

அந்தச் சூளை பத்து முதல் பதினான்கு நாட்கள் இரவும் பகலும் எரிகிறது. முறைபோட்டு விழித்திருந்து விறகு போடுகிறார்கள். இந்த நிதானத்துக்கு ரசனையோ ஜென் தத்துவமோ காரணமில்லை. வயலுக்கு அடியிலிருந்து எடுக்கும் அந்த ஊர்க் களிமண் மிக அதிகமாகச் சுருங்கும். உஷ்ணத்தை அவசரமாக ஏற்றினால் வெடித்துவிடும். அதன்மேல் கண்ணாடி மெருகு பூசினால் ஒழுங்காக ஒட்டி நிற்காது. அதாவது பிஸென் கலத்தின் நிர்வாணம் அந்த மண்ணின் குறையிலிருந்து பிறந்தது. குறையை அறிந்தவர்கள் அதைச் சுற்றி ஒரு முறையைக் கட்டினார்கள்.

இன்னொன்று, எந்தக் கலம் சூளைக்குள் எங்கே நிற்கிறது என்பது யதேச்சையாக நடப்பதில்லை. தீயின் வாய்க்கு எதிரே நிற்பதற்குச் சாம்பல் கிடைக்கும். தரையில் கங்குக்குள் புதைந்து கிடப்பது நீலம் கலந்த சாம்பல் நிறம் கொள்ளும். தீ நேரே படாமல் மூடிய பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி வைத்தது, வைக்கோல் கிடந்த இடமெல்லாம் சிவப்புக் கோடுகளோடு வெளியே வரும். ‘ஹிதாசுகி’ என்கிற அந்தச் சிவப்புக் கோடுகளைப் பற்றித்தான் எத்தனை கவித்துவமான பக்கங்கள்! முதலில் வைக்கோலைச் சுற்றியதே ஒன்றோடொன்று கலங்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்கத்தான். கோடு விழுவதைப் பார்த்த யாரோ ஒருவன், அடுத்த முறை வைக்கோலை வேண்டுமென்றே வைத்தான். அந்த அடுத்த முறையில்தான் கலை ஆரம்பிக்கிறது. முதல் முறை நடந்தது விபத்து மட்டுமே.

மெருகு பூசுகிற மற்ற மரபுகளில் இந்தக் கணக்கு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. மெருகு என்பது கலத்தின் மேல் உருகி ஒட்டிய கண்ணாடி. கண்ணாடிக்கு அடிப்படை மணலில் இருக்கும் சிலிக்கா. அது தனியாக உருக 1,700 டிகிரி வேண்டும். எந்த மண்பாண்டச் சூளையும் அவ்வளவு தூரம் போகாது. விறகுச் சாம்பலில் உள்ள சுண்ணாம்பும் பொட்டாஷும் அதை 1,250, 1,300 டிகிரிக்குள் உருக வைக்கின்றன. களிமண்ணிலிருக்கும் அலுமினா அது வழிந்து ஓடாமல் பிடித்து வைக்கிறது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே என்பதால் அது பால்போல் வெளுத்த மெருகு தரும். இரும்புத் துரு ஒன்றிரண்டு சதவீதம் சேர்ந்து, காற்று போதாத தீயில் வெந்தால் பச்சை. அதே துரு எட்டு, பத்து சதவீதம் ஆனால் கறுப்பு. செம்பு காற்றோட்டமான தீயில் பச்சை, காற்று போதாத தீயில் சிவப்பு. ‘இயல்பாக’ என்று நாம் சொல்லிப் பூரிக்கிற நிறங்களுக்குப் பின்னால் தராசும் சல்லடையும் நூற்றுக்கணக்கான சோதனைச் சில்லுகளும் இருக்கின்றன.

ஜப்பானிய மரபு என்று நாம் ஒருமையில் சொல்வதும்கூட அவ்வளவு ஒருமையானதில்லை. சரிவில் சுரங்கம்போல் போகும் ஒற்றை அறைச் சூளையான ‘அனகாமா’ ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் கொரியாவிலிருந்து வந்தது. ‘தென்மொகு’ என்ற கறுப்பு மெருகுக்கு ஒரு சீன மலையின் பெயர். 1592க்கும் 1598க்கும் இடையில் ஹிதெயோஷியின் படைகள் கொரியாவின் மேல் பாய்ந்தபோது அங்கிருந்து குயவர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கரத்ஸு, ஹாகி, ஸத்ஸுமா, அரிதா - இன்று பெயர் பெற்ற இந்தச் சூளைகளின் வரலாற்றில் அவர்கள் கை இருக்கிறது. அமைதியின் சின்னமாக நாம் கவிதையில் வைக்கிற தேநீர்க் கிண்ணத்துக்கு இப்படியும் ஒரு பூர்வீகம்.

*

விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரி நாற்பது கிலோமீட்டருக்குள். வெட்கம் தாங்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன்.

1971இல் அங்கே டெபொரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். டெபொரா பிஸெனில் பயின்றவர். மீக்கர் கலிஃபோர்னியாவில் கட்டடக் கலையில் தொடங்கி மண்கலத்துக்கு மாறியவர். இன்று பாண்டிச்சேரியிலும் ஆரோவில்லிலும் பரவியிருக்கும் உயர் உஷ்ண மண்கலப் பட்டறைகள் பலவற்றின் வேரைத் தேடினால் இந்த இடத்துக்கு வந்து சேரும். இந்தியாவில் ஜப்பானியத் தொடர்பு இதற்கும் முந்தியதுதான். 1919இல் ஜப்பான் போய்ப் பயின்று, பெர்னார்ட் லீச், ஹமாதா ஷோஜி, யானகி ஸோயெத்ஸு வட்டத்தோடு பழகிவிட்டுத் திரும்பி, பின்னர் டில்லியில் பட்டறை வைத்தவர் சர்தார் குருசரண் சிங். ஆனால் நம் பக்கத்து மண்ணில், நம் பக்கத்து விறகில் அந்த மரபை இறக்கிப் பார்த்தது பாண்டிச்சேரியில்தான்.

இறக்குவது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். செம்பைன் இங்கே கிடையாது. கடற்கரை மணலில் வளரும் சவுக்குதான் கிடைக்கும். சவுக்குச் சாம்பல் வேறு, பைன் சாம்பல் வேறு. மெருகின் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு முழு இரவு சூளை எரிவதைப் பார்க்க விட்டார்கள். பார்வைத் துளை வழியே உள்ளே மூன்று சிறிய மண் கூம்புகள் தெரிந்தன. குறிப்பிட்ட உஷ்ணத்தில் ஒவ்வொன்றாகத் தலை சாய்கிற மாதிரி செய்யப்பட்டவை. முதல் கூம்பு சாய்ந்ததும் காற்றைக் குறைத்தார்கள். புகைபோக்கியில் கரும்புகையும் அதன்பின் தீயின் நாக்கும் எழுந்தன. காற்று போதாத தீ கலத்திலிருக்கும் துருவிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது என்று விளக்கினார்கள். அதன்பின் யாரும் பேசவில்லை. விறகு, கவனிப்பு, விறகு. இரண்டு நாள் கழித்துச் சூளையைத் திறந்தபோது என் கண்ணுக்கு மிக அழகாகத் தெரிந்த ஒரு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். அடிப்பாகத்தில் மயிரிழை விரிசல். ‘இயல்பானது’ என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருப்பேன்.

*

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை சௌகரியமாக முடிந்துவிடும். திருத்து, உழை, கவனி என்று ஓர் உபதேசம் செய்துவிடலாம். ஆனால் என்னைத் தொந்தரவு செய்கிற விஷயம் வேறொன்று. அது நான் தினமும் ரயிலேறிப் போகிற திண்டிவனத்தில் இருக்கிறது.

வங்கியில் எனக்கு நகைக்கடன் கவுண்டர். திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து வயதான குயவர் ஒருவர் ஐப்பசி வாக்கில் வருவார், தை முடிந்து வந்து மீட்டுப் போவார். மனைவியின் தோடும் மூக்குத்தியும். இரண்டு மூன்று வருஷம் ரசீது எழுதிக் கொடுத்தபின்தான் அவர் குயவர் என்று எனக்குத் தெரிந்தது. பாண்டிச்சேரிப் பித்து ஏறியிருந்த சமயம். “உங்க சூளையைப் பார்க்கணும் ஐயா” என்றேன். “அதுல பாக்க என்னா சார் இருக்கு” என்றவர், “வாங்க” என்றும் சொன்னார்.

சூளை என்று கட்டடம் எதுவும் இல்லை. வெட்டவெளியில் விறகும் வறட்டியும் பரப்பி, பானைகளை அடுக்கி, இடைவெளியில் முள்ளும் தென்னை மட்டையும் திணித்து, மேலே வைக்கோல் போர்த்தி, அதன்மேல் சேறு மெழுகி, புகை போக அங்கங்கே துளை. ஒரே இரவில் முடிந்துவிடும். எழுநூறு, எண்ணூறு டிகிரியைத் தாண்டாது. தாண்டவும் கூடாது. ஏரி வண்டலில் இரும்பும் உருக்கும் சத்துகளும் அதிகம். பாண்டிச்சேரி உஷ்ணத்துக்கு ஏற்றினால் பானை உருகித் தொய்ந்துவிடும். குறைந்த வேக்காட்டினால்தான் அதன் உடம்பில் நுண்துளைகள் மிச்சமிருக்கின்றன. அந்தத் துளைகளில் கசிந்து ஆவியாவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. அந்த இளகிய உடம்பினால்தான் அடுப்பில் வைத்தாலும் சோற்றுப்பானை வெடிப்பதில்லை. கண்ணாடி மெருகு பூசினால் பானைத் தண்ணீர் குளிராது. நம் வீடுகளில் மெருகிட்ட கலம் ஒன்றுதான் இருந்தது, ஊறுகாய் ஜாடி. உப்பும் எண்ணெயும் கசியக் கூடாது என்பதால். வேலூர்ப் பக்கம் கரிகிரியில் மெருகிட்ட பாண்டங்கள் செய்யும் மரபும் உண்டு. ஆக, இங்கே மெருகு தெரியாமல் இல்லை. எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்திருந்தது. பானைக்குச் செங்காவி பூசிக் கூழாங்கல்லால் தேய்ப்பது போதுமென்று வைத்தார்கள்.

பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டிய விஷயம் நமக்குத் தெரியும். தமிழ்நாட்டின் பழைய மேடுகள் பலவற்றில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கலங்கள் கிடைக்கின்றன. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்று போகாமல் கறுத்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பாண்டிச்சேரியில் அந்த இரவு புகைபோக்கியை அடைத்துச் செய்த காரியத்தின் மூலப்பாடம் அதுதான். உடனே, ‘எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று மார்தட்ட நான் தயாராக இல்லை. அந்த மார்தட்டலும் என் பழைய வாக்கியமும் ஒரே ஜாதி. இரண்டிலும் பார்த்தல் கிடையாது.

சேறு மெழுகி முடித்ததும் அவர் வானத்தைப் பார்த்தார். கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் பானை. அவர் விற்பது இந்த இரண்டு மாதங்களில். மழை பெய்வதும் இதே மாதங்களில். “தூறல் விழுந்தா கூட பாதி போயிடும் சார். அப்புறம் தோடு உங்க கிட்டயே இருக்கும்” என்றார்.

விபத்தின் அழகைப் பற்றி நான் படித்ததெல்லாம் அந்த இடத்தில் எனக்குக் கசந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஸென் நோ ரிக்யுவுக்காகச் சோஜிரோ ‘ரகு’ கிண்ணங்களைச் செய்தபோது, கோணலையும் கரடுமுரட்டையும் விலைகொடுத்துப் போற்ற ஒரு தேநீர்ச் சபை தயாராக இருந்தது. விபத்து நஷ்டமாகாமல் அழகாக வேண்டுமானால், அந்த நஷ்டத்தைத் தாங்க யாரோ ஒருவர் இருந்தாக வேண்டும். எங்கள் குயவருக்கு அப்படி யாரும் இல்லை. தீ கொடுத்த நிறபேதத்தைக் கண்டு நான் வியந்த ஒரு பானையைத் தட்டிப் பார்த்து, “வேகல” என்று ஒதுக்கி வைத்தார். நான் கண்ணால் பார்த்தேன். அவர் காதால் கேட்டார்.

யானகி ஸோயெத்ஸுவின் கட்டுரைகளை நம்மில் சிலர் விரும்பிப் படிக்கிறோம். பெயரற்ற கைவினைஞன் தன்னை முன்னிறுத்தாமல், யோசிக்காமல் செய்வதால்தான் அழகு வருகிறது என்பது அவர் வாதம். அவர் கொண்டாடிய கிஸாயெமோன் கிண்ணம் கொரிய ஏழைகளின் சாதாரணக் கிண்ணமாக இருந்தது என்கிறார். 1936இல் டோக்கியோவில் நாட்டார் கைவினைகளுக்கு அருங்காட்சியகம் அமைத்தவர். அவருடைய கண் பெரிய கண் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘பெயரற்றவன்’ யாருக்குப் பெயரற்றவன்? திண்டிவனத்துக் கிழக்கே அந்தக் கிராமத்தில் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். சந்தையில் பானையின் கழுத்தைத் தடவிப் பார்த்து, ‘இது அவரு கை’ என்று சொல்கிற பெண்கள் இருக்கிறார்கள். அய்யனாருக்கு அவர் செய்து வைத்த குதிரையின் தாடையைப் பார்த்து, அப்பா செய்ததா மகன் செய்ததா என்று பிரிக்கிறார்கள். ரசீது எழுதிய எனக்கும் அவர் பெயர் தெரியும். அவர் என்ன செய்கிறவர் என்பதுதான் தெரியாமலிருந்தது. அநாமதேயம் என்பது செய்பவனுடைய குணமில்லை. அது பார்ப்பவனுக்கும் அவனுக்கும் நடுவிலிருக்கும் தூரத்தின் பெயர். ‘யோசிக்காமல் செய்கிறான்’ என்பதும் அதே தூரத்திலிருந்து தெரிகிற காட்சி. யானகி கொரியக் கலையில் சோகத்தின் அழகைக் கண்டார். அது ஆண்டவர்களின் பார்வை என்று கொரிய விமர்சகர்கள் பின்னர் மறுத்தார்கள். அந்த மறுப்பின் நியாயம் எனக்கு அந்தக் கிராமத்தில் விளங்கியது.

*

இப்போது என் வாக்கியத்துக்குத் திரும்புகிறேன். ஒரு விஷயத்தை நான் இதுவரை சொல்லவில்லை. முதல் தொகுப்பு வெளிவருமுன் அந்தக் கவிஞர் தன் நோட்டை என்னிடம் கொடுத்திருந்தார். நான் மிகவும் சிலாகித்த கவிதை அதில் பதினோரு தடவை எழுதப்பட்டிருந்தது. வரிகளை மேலே ஏற்றியும் கீழே இறக்கியும், ஒரு சொல்லை அடித்து, திரும்ப அதே சொல்லை எழுதியும். இதைப் பார்த்த பின்னும்தான் ‘தானாக விழுந்த சொற்கள்’ என்று எழுதினேன். ஏன்? அவருடைய உழைப்பைச் சொன்னால் கவிதை சற்றுக் கீழிறங்கிவிடும் என்று எனக்குள் ஒரு பாவனை இருந்தது. அவர் சின்ன ஊரிலிருந்து வந்தவர், மெக்கானிக் வேலை பார்ப்பவர் என்பதும் அந்தப் பாவனைக்கு உதவியது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் ஒரு பெயரற்ற கைவினைஞனைக் கண்டுபிடித்தேன். தூரத்தில் நின்று பார்த்து, அவர் யோசிக்காமல் எழுதுகிறார் என்று தீர்ப்புச் சொன்னேன். அவர் அதை நம்பி யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

கவிதைக்கு விறகுச் செலவில்லை. மழையில் நனைந்தால் தோடு முழுகிப் போவதில்லை. அதனால்தான் நம்மிடையே வேகாததை வேகவில்லை என்று தட்டிச் சொல்லும் காது அவசியமாகிறது. விமர்சனத்துக்கு இதைவிடப் பெரிய வேலை எதுவும் இருப்பதாக எனக்கு இப்போது தோன்றவில்லை. அந்த வேலையை நான் செய்யவில்லை. அழகாக ஒரு வாக்கியம் எழுதினேன்.

எல்லாக் கவிதையையும் 1,300 டிகிரிக்கு ஏற்றச் சொல்கிறேன் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது என் பிழையாகவே இருக்கும். குறைந்த சூட்டில் நிற்பதால்தான் தண்ணீரைக் குளிரவைக்கிற கவிதைகள் நம்மிடம் உண்டு. அவற்றின்மேல் மெருகு பூசச் சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. எந்த மண், எந்தச் சூடு, எதற்கான கலம் என்பதைச் செய்பவர் அறிந்திருக்க வேண்டும். பார்ப்பவன் குறைந்தபட்சம் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

முதல் தொகுப்பைப் பற்றிய என் கட்டுரையில் அந்த ஒரு வாக்கியத்தை வாபஸ் வாங்குகிறேன். கவிதைகள் நல்லவை என்ற அபிப்பிராயத்தை வாபஸ் வாங்கவில்லை. இரண்டாவது தொகுப்பில் ஆறு கவிதைகள் இன்னும் ஒரு முறை சூளைக்குப் போகலாம் என்பது என் கணிப்பு. எவையென்று அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. இந்த இதழ் அவருக்கும் போகும். பழைய நோட்டை அவர் எறிந்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன். அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் எனக்கு.